‘ஃபிட்ஸ்’ என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களின் சுகாதார அலுவலர்களுக்கும், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும், கிராம சுகாதார செவிலியர்களுக்கும், 108 வண்டியில் ஓடிவரும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு திறந்த மடல்.

வணக்கம்.

மலையடிவாரத்துக் கிராமத்திலிருந்தோ கடற்கரை ஊரிலிருந்தோ பாளையங்கோட்டையில் உள்ள எங்கள் மருத்துவமனைக்கு அனுப்பப்படும் வலிப்பு நோயாளியின் கையில் ஒரு சீட்டு இருக்கும். ‘ஃபிட்ஸ். மிடசோலம் போடப்பட்டது. மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறது.’ அவ்வளவுதான். வந்து சேரும்போது வலிப்பு நின்றிருக்கும். ஆள் மருந்து மயக்கத்தில் தூங்குவார். கூட வந்த சித்தப்பாவைக் கேட்டால், “நான் வயலுக்குப் போயிருந்தேன், ஆள் விட்டுக் கூப்பிட்டாங்க” என்பார். விழுந்ததைக் கண்ணால் பார்த்த அம்மா, மற்றப் பிள்ளைகளை விட்டு வர முடியாமல் வீட்டிலேயே நின்றிருப்பார். நோயாளி 60 கிலோமீட்டர் கடந்து வந்துவிட்டார். நோயைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் ஊரில் இருக்கிறார்.

நரம்பியல் பிரிவிலும் இ.இ.ஜி. (மூளையின் மின்னலைப் பதிவு) அறையிலும் அவசர சிகிச்சையிலும் வேலை செய்கிற நாங்கள் உங்களிடம் முதன்மையாகக் கேட்பது ஒன்று. வலிப்பு என்று அனுப்பப்படும் ஒவ்வொருவரோடும், விழுந்ததைப் பார்த்தவர் சொன்னதை எழுதிய ஒரு பக்கத் தாளும், கிடைத்தால் அரை நிமிட வீடியோவும் சேர்ந்து வரவேண்டும்.

‘அதான் இ.இ.ஜி. எடுக்கிறீர்களே, அதில் தெரிந்துவிடாதா?’ என்று கேட்பீர்கள். தெரியாது. சாதாரண இ.இ.ஜி. 20 முதல் 30 நிமிடம் ஓடும். உண்மையிலேயே வலிப்பு நோய் உள்ளவர்களை வைத்து எடுத்தாலும், முதல் பதிவில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத்தான் நோயலை, அதாவது வலிப்பு நோயைக் காட்டும் அலை, தெரியும். மீதிப் பேருக்குச் சுத்தமாக இருக்கும். இதன் மறுபக்கம் இன்னும் ஆபத்தானது. தூக்கக் கலக்கத்தில் நெற்றிப்பொட்டுப் பகுதியில் கூர்கூராக வரும் சாதாரண அலைகளை நோயலை என்று படித்து, வலிப்பே இல்லாதவருக்குப் பல வருடம் மாத்திரை கொடுப்பதும் நடக்கிறது. நேரில் பார்த்தவர் சொல்வதோடு பொருத்திப் பார்த்தால்தான் அந்தக் கோடுகளுக்குப் பொருள் உண்டு.

இ.இ.ஜி.க்கு அனுப்பும்போது சொல்லி அனுப்ப வேண்டியவையும் உண்டு. நம் பக்கத்தில் தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்க்காமல் யாரும் வெளியூர் கிளம்புவதில்லை. எண்ணெய் இருந்தால் மின்முனைப் பசை பிடிக்காது. மின்தடை 5 கிலோ ஓமுக்குக் கீழே இறங்காது. பதிவு முழுக்க நடுக்கம்தான் வரும். முந்தின நாள் ஷாம்பு போட்டுக் குளித்து, எண்ணெய் தேய்க்காமல் வரச் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் வரவேண்டாம். சர்க்கரை குறைந்தாலும் அலை மாறும். மாத்திரையைத் தாங்களாக நிறுத்தவும் வேண்டாம். பெரியவர்கள் முந்தின இரவு நான்கு மணி நேரம் மட்டும் தூங்கிவிட்டு வந்தால், பதிவின்போது தூக்கம் வரும், நோயலை தென்படும் வாய்ப்பும் கூடும். ஆனால் அப்படி வருகிறவர் பைக் ஓட்டிக்கொண்டு வரக்கூடாது, துணைக்கு ஆள் வேண்டும்.

இனி அந்தத் தாளில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்கிறோம்.

“கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்துச்சு, வாயில நுரை தள்ளிச்சு.” எல்லா ஊரிலும் இந்த ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள். அதை அப்படியே எழுதிக்கொண்டால் எங்களுக்குப் பயனில்லை. துண்டு துண்டாகக் கேளுங்கள். விழுமுன் என்ன செய்துகொண்டிருந்தார்? ரேஷன் கடை வரிசையில் வெயிலில் நின்று, கண் இருண்டு, வியர்த்து, முகம் வெளிறிச் சரிந்தாரா? அப்படியானால் பெரும்பாலும் அது மயக்கம். மயக்கத்திலும் சில விநாடி கை கால் வெட்டும். மூளைக்கு ரத்தம் குறைந்தால் அப்படித்தான். படுக்க வைத்த அரை நிமிடத்தில் தெளிந்து, “என்ன ஆச்சு எனக்கு?” என்று கேட்பார். ஓடும்போதோ நீந்தும்போதோ திடீர்ச் சத்தம் கேட்டோ விழுகிற பிள்ளைக்கு, இ.சி.ஜி.யில் ‘கியூ.டி.’ என்னும் இடைவெளி நீண்டு காட்டும் இதய நோய் இருக்கலாம். அதை வலிப்பு என்று எழுதி மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தால், அடுத்த முறை பிள்ளை எழுந்திருக்காமல் போகலாம். ஆகவே முதல் வலிப்பு என்று வரும் எல்லோருக்கும் 12 முனை இ.சி.ஜி. ஒன்று எடுத்துத் தாளோடு இணையுங்கள். அந்தக் கருவி உங்களிடமே இருக்கிறது.

அடுத்து, எப்படித் தொடங்கியது? இரண்டு கையும் ஒரே நேரத்திலா, ஒரு பக்கத்து விரலிலோ வாய் ஓரத்திலோ தொடங்கி ஏறியதா? தலை எந்தப் பக்கம் திரும்பியது? விழுமுன் ஒரு நிமிடம் கூப்பிட்டதற்குப் பதில் சொல்லாமல், வெறுமையாகப் பார்த்தபடி, எதையோ மெல்லுவது போல வாயசைத்து, சட்டைப் பித்தானைத் தடவிக்கொண்டிருந்தாரா? இந்த ஒரு விவரம் போதும், மூளையின் பக்கவாட்டிலுள்ள நெற்றிப்பொட்டு மடலைத் தேடிப் போவோம். “கண்ணு தொறந்திருந்துச்சா, மூடியிருந்துச்சா?” என்று கேட்க மறக்காதீர்கள். மூளை மின்கோளாறால் வரும் பெரிய வலிப்பில் பெரும்பாலும் கண் திறந்திருக்கும், “முழி மேல சொருகிட்டு” என்பார்கள். உதடு நீலம் பாய்ந்ததா? நாக்கைக் கடித்திருந்தால் நுனியிலா, பக்கவாட்டிலா? பக்கவாட்டுக் கடி வலிப்பு நோயின் பக்கம் சாயும். சிறுநீர் போனது பெரிய துப்பு இல்லை, எந்த வகையிலும் போகும். எவ்வளவு நேரம்? பார்த்துப் பதறுகிறவருக்கு ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தெரியும். அதனால் “தண்ணி எடுத்துட்டு வர்றதுக்குள்ள நின்னுட்டா? ஆட்டோ வந்த பிறகும் இழுத்துச்சா?” என்று காரியத்தை வைத்துக் கேளுங்கள். நின்ற பிறகு தூங்கினாரா, குழம்பிப் பேசினாரா, ஒரு கை தூக்க முடியாமல் இருந்ததா? இவை எல்லாவற்றையும் கேட்டு எழுத ஐந்து நிமிடம் ஆகும்.

எழுத நேரமில்லை என்றால் வீடியோவாவது. செல்போன் இல்லாத வீடு இன்று குறைவு. முதலில் ஆளை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கழுத்துப் பித்தானைத் தளர்த்துங்கள், அடுப்பையும் அரிவாள்மணையையும் நகர்த்துங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். பிறகு எடுங்கள். முகமும் இரண்டு கையும் சட்டத்துக்குள் வரவேண்டும். போர்வையை விலக்க வேண்டும், விளக்கைப் போட வேண்டும். பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, “கையைத் தூக்கு” என்று சொல்லி, பதில் வருகிறதா என்பது பதிவாக வேண்டும். முடிந்த பிறகு ஒரு நிமிடம் கூடுதலாக ஓடட்டும். தெளிகிற விதத்தில்தான் பாதிச் செய்தி இருக்கிறது. கையில் இரும்புச் சாவி திணிப்பது, மூக்கில் செருப்பைக் காட்டுவது, வாயில் கரண்டி செருகுவது எதுவும் வேண்டாம். கரண்டியால் பல் உடைந்து மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். அந்த வீடியோ மருத்துவருக்கு மட்டும் உரியது. பணியாளர் வாட்ஸ்அப் குழுவில் சுற்றினால் அந்தப் பெண்ணின் கல்யாணம் நின்றுபோகும். அந்தப் பொறுப்பு பகிர்ந்தவரைச் சேரும்.

இப்போது, எங்களுக்கு மிகவும் மனம் நோகும் விஷயத்துக்கு வருகிறோம். வலிப்பு போலவே தெரியும், ஆனால் மூளையின் மின்கோளாறால் வராத தாக்கங்கள். முன்பு ‘ஹிஸ்டீரியா’ என்றார்கள், இப்போதும் வார்டில் சிலர் “நடிக்கிறா” என்கிறார்கள். இரண்டும் தவறு. மனமும் உடலும் தாங்க முடியாத அழுத்தத்தில், மூளை தன் கட்டுப்பாட்டைச் சிறிது நேரம் இழக்கிற உண்மையான நோய் இது. வலிப்பு நோய் மையங்களில் கட்டுப்படாத வலிப்பு என்று சேர்க்கப்படுவோரில் ஐந்தில் ஒருவர், நான்கில் ஒருவர் என்ற அளவுக்கு இந்த வகை இருக்கிறது. இவர்களுக்குச் சரியான பெயர் கிடைக்க எவ்வளவு காலம் ஆகிறது? ஜெர்மனியில் 2002-இல் வெளியான ஓர் ஆய்வில் சராசரி 7 ஆண்டுக்கு மேல். அத்தனை ஆண்டும் தேவையில்லாத மாத்திரை, கர்ப்பத்திலும்.

அடையாளங்கள் உண்டு. கண்ணை இறுக மூடியிருத்தல், திறக்கப் போனால் எதிர்த்தல், தலையை ‘இல்லை இல்லை’ என்பது போல இருபக்கமும் ஆட்டுதல், கை கால் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் அடித்தல், கூடிக் குறைந்து, நின்று, மறுபடி தொடங்கி, இருபது நிமிடம் அரை மணி நேரம் ஓடுதல், நடுவில் அழுகை, பிறகு, நடந்தது கொஞ்சம் நினைவிருத்தல். ஆனால் இவற்றில் எந்த ஒன்றையும் தனியாக வைத்து முடிவு கட்டக்கூடாது. 2013-இல் சர்வதேச வலிப்பு எதிர்ப்புக் கழகத்தின் குழு நான்கு படி வகுத்தது. பார்த்தவர் சொன்னது மட்டும் இருந்தால் ‘இருக்கலாம்’. மருத்துவர் வீடியோவிலோ நேரிலோ பார்த்து, வலிப்பில்லாத நேரத்து இ.இ.ஜி.யும் சுத்தமாக இருந்தால் ‘பெரும்பாலும்’. அனுபவமுள்ளவர் பார்த்து, தாக்க நேரத்தில் வீடியோ இல்லாமல் எடுத்த இ.இ.ஜி.யும் சுத்தமாக இருந்தால் அடுத்த படி. தாக்கம் நடக்கும்போதே வீடியோவும் இ.இ.ஜி.யும் சேர்ந்து பதிவானால் உறுதி. ஊரில் எடுத்த வீடியோ ஒன்றே நோயாளியை முதல் படியிலிருந்து இரண்டாம் படிக்கு ஏற்றிவிடும்.

எதிர்த்திசைப் பிழையும் உண்டு, அது உயிரை வாங்கும். மூளையின் முன்பக்கத்து நெற்றி மடலில் தொடங்கும் வலிப்பு பார்க்க விசித்திரமாக இருக்கும்: தூக்கத்திலிருந்து திடீரென்று எழுந்து, கத்தி, சைக்கிள் மிதிப்பது போலக் காலை அடித்து, முப்பது நாற்பது விநாடியில் முடிந்து, உடனே தெளிந்துவிடும். இ.இ.ஜி. கூடச் சுத்தமாக வரலாம். இதைப் பார்த்து ‘மனநோய்’ என்றோ ‘பேய்’ என்றோ தள்ளிவிடுகிறார்கள். தூக்கத்தில் வருவது, குறுகியது, ஒவ்வொரு முறையும் அச்சு எடுத்தது போல ஒரே மாதிரி இருப்பது ஆகிய மூன்றும் சேர்ந்தால் வலிப்பு நோய் என்றே நினையுங்கள். இரண்டு வகையும் ஒரே ஆளுக்கு இருப்பதும் உண்டு. அதனால் “இது நடிப்பு, மாத்திரையை நிறுத்து” என்று ஒரே நாளில் நிறுத்தச் சொல்வது கொடுமை. ஃபீனோபார்பிட்டோன், குளோபசாம் என்ற வலிப்பு மாத்திரைகளை மாதக் கணக்கில் மெல்லக் குறைக்க வேண்டும். சட்டென்று நிறுத்தினால் இல்லாத வலிப்பும் வரும்.

தாக்கம் வரும்போது நெஞ்செலும்பை முட்டியால் தேய்ப்பது, மூக்கில் அமோனியா பிடிப்பது, கையைத் தூக்கி முகத்தில் விழவிடுவது, வெறும் சலைன் ஊசி போட்டு “இப்ப வரும் பாரு” என்பது, இவற்றை நிறுத்திவிடுங்கள். நோயைச் சொல்லும் விதமே சிகிச்சையின் முதல் பாதி. உறவினரை வெளியே அனுப்பிவிட்டு, உட்கார்ந்து, இப்படிச் சொல்லலாம்: “உனக்கு வருவது உண்மையான நோய்தான்மா. நீ வேண்டுமென்று செய்யவில்லை. மூளையில் மின்சாரம் தாறுமாறாக ஓடி வரும் வலிப்பு வேறு, இது வேறு. அதனால்தான் அந்த மாத்திரை கேட்கவில்லை. இதற்கு வேறு வைத்தியம் இருக்கிறது, நாங்கள் உன்னை விட்டுவிட மாட்டோம்.” தனியாக இருக்கும்போதே வீட்டில் அடி உண்டா, யாராவது தொந்தரவு செய்கிறார்களா என்று கேளுங்கள். பெண்களுக்கான 181, குழந்தைகளுக்கான 1098 உதவி எண்களைக் கொடுங்கள். எல்லோருக்கும் பின்னால் ஒரு கொடுமை இருந்தே தீரும் என்று தோண்டவும் வேண்டாம். சிலருக்கு அப்படி எதுவும் இருக்காது. பிறகு மாவட்ட மனநலத் திட்டத்து மருத்துவரிடம் அனுப்புங்கள், நீங்களும் மாதம் ஒருமுறை பாருங்கள். மனப்பயிற்சி சிகிச்சையால் எவ்வளவு பயன் என்பதையும் மிகைப்படுத்தக்கூடாது. பிரிட்டனில் 368 பேரை வைத்து நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், பன்னிரண்டு மாத முடிவில் தாக்கங்களின் மாத எண்ணிக்கை குறிப்பிடும்படி குறையவில்லை. ஆனால் தாக்கமில்லாமல் தொடர்ந்து இருந்த நாட்கள் கூடின, அன்றாட வாழ்க்கையில் இடைஞ்சல் குறைந்தது. அந்த நோயாளிகளுக்கு அது சிறிய பலன் இல்லை.

அவசர சிகிச்சையில் தவறுவது பெரும்பாலும் அளவில்தான். இழுப்பு ஐந்து நிமிடம் தாண்டினால் தானாக நிற்கும் என்று காத்திருக்கக் கூடாது. முப்பது நிமிடம் தாண்டினால் மூளைக்கு நிரந்தரச் சேதம் தொடங்கும். 40 கிலோவுக்கு மேற்பட்டவருக்கு மிடசோலம் 10 மில்லிகிராம், தொடையில், ஒரே ஊசி. நரம்பு கிடைக்கவில்லை என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். தொடை ஊசி நரம்பூசிக்குச் சளைத்ததில்லை என்று 2012-இலேயே ஆம்புலன்சில் வைத்து நடத்திய ஆய்வு காட்டிவிட்டது. 13 முதல் 40 கிலோவுக்கு 5 மில்லிகிராம். மூக்கில் அடிக்கும் ஸ்பிரே என்றால் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். பயந்து பயந்து 2 மில்லிகிராம் போட்டால் இழுப்பும் நிற்காது, மூச்சும் தளரும். டயசிபாமைத் தசையில் போடாதீர்கள், ஒழுங்காக ஏறாது. லோராசிபாம் குளிர்பெட்டியில் இருந்தால்தான் வேலை செய்யும். நம்மூர் வெயிலில் மேசை இழுப்பறையில் கிடந்த ஆம்பூலை நம்ப வேண்டாம்.

அதற்கும் நிற்காவிட்டால் ஃபெனிடாயின். 60 கிலோ ஆளுக்கு 1200 மில்லிகிராம், அதாவது 100 மில்லிகிராம் ஆம்பூல் பன்னிரண்டு. இரண்டு ஆம்பூல் போட்டு ‘லோடிங் கொடுத்தாயிற்று’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. குளுகோஸ் பாட்டிலில் கலந்தால் படிகமாகி உறைந்துவிடும், நார்மல் சலைனில் மட்டும் கலக்க வேண்டும். நிமிடத்துக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் ஓடக்கூடாது, ஓடினால் ரத்த அழுத்தம் விழும், இதயத் துடிப்பு தடுமாறும். புறங்கையில் ஊசி நழுவிவிட்டால் கை ஊதாவாகிக் கருகும், ஆகவே முழங்கை மடிப்புக்கு அருகே பெரிய நரம்பைப் பிடியுங்கள். லெவெடிரசிடாம் இருந்தால் கிலோவுக்கு 60 மில்லிகிராம், 4500-க்கு மேல் போகாமல், பத்து நிமிடத்தில் ஏற்றலாம். 2019-இல் லெவெடிரசிடாம் உள்ளிட்ட மூன்று மருந்துகளை ஒப்பிட்டபோது மூன்றும் சமமாகவே, ஏறக்குறையப் பாதிப் பேருக்கு, வேலை செய்தன.

எல்லாவற்றுக்கும் முன் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பாருங்கள். குடிக்கிறவராக இருந்தால் குளுகோஸுக்கு முன் தயமின் (வைட்டமின் பி1). குடியை நிறுத்திய 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வந்த வலிப்பு என்றால் அதையும் தாளில் எழுதுங்கள். அவருக்கு ஆயுள் முழுக்க மாத்திரை தேவைப்படாது. கர்ப்பிணிக்கு 20 வாரத்துக்குப் பிறகோ பிரசவத்துக்குப் பின்போ வந்தால் மக்னீசியம் சல்ஃபேட்தான்: நரம்பில் 4 கிராம், இரண்டு பின்பக்கத்திலும் 5, 5 கிராம், முழங்கால் அனிச்சை, மூச்சு, சிறுநீர் மூன்றும் பார்த்துத்தான் அடுத்த ஊசி. பிள்ளை பெற்ற பிறகு தலைவலியோடு வலிப்பு வந்தால் மூளைச் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் அளந்து கொடுக்கும் வழக்கம் இருக்கிற வீடுகளில் அதையும் கேட்டு எழுதுங்கள்.

நம் சீமைக்கே உரிய சில கேள்விகளையும் தாளில் சேர்க்கக் கேட்கிறோம். தலைக்குச் சுடுதண்ணீர் ஊற்றும்போது வருகிற வலிப்பு உலகில் அரிது. தென்னிந்தியாவில், முதன்மையாகக் கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும், அதிகம் பதிவானது. பெங்களூரு நிம்ஹான்ஸ் அதை விரிவாக ஆராய்ந்திருக்கிறது. 40 முதல் 50 டிகிரிச் சூட்டில், செம்பு செம்பாக மடமடவென்று ஊற்றும்போது வரும். வலிப்பு வந்த தேதிகளை நாட்காட்டியில் வைத்துப் பாருங்கள். எல்லாம் சனிக்கிழமையாகவோ வெள்ளிக்கிழமையாகவோ, அதாவது எண்ணெய் தேய்க்கும் நாளாக விழுந்தால், குளியலறையைப் பற்றிக் கேளுங்கள். தண்ணீர்ச் சூட்டைக் குறைத்து, உடம்புக்கு முதலில் ஊற்றி, தலையை ஈரத்துண்டால் துடைத்தாலே பலருக்கு நின்றுவிடும். நிற்காதவருக்குக் குளிப்பதற்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் முன்னால் குளோபசாம் 5 அல்லது 10 மில்லிகிராம் போதும், தினசரி மாத்திரை பெரும்பாலும் தேவையில்லை. கற்பூரமும் யூக்கலிப்டஸ் தைலமும் வலிப்பைத் தூண்டும். சளிக்கு ஆவி பிடித்தார்களா, நெஞ்சில் தைலம் தேய்த்தார்களா, குழந்தை கற்பூரத்தைத் தின்றதா என்று கேட்டுவிடுங்கள்.

கோயில் கொடைத் திருவிழா இரவு இன்னொன்று. பதின்வயதுப் பிள்ளை வில்லுப்பாட்டு, மேளம், சீரியல் லைட்டு என்று விடிய விடிய விழித்துவிட்டுக் காலையில் விழுந்தால், ‘சாமி வந்தது’ என்று விட்டுவிடுவார்கள். அந்தப் பிள்ளையிடம் வேறொன்று கேளுங்கள்: காலையில் எழுந்ததும் கை திடீரென்று வெட்டி, பிரஷ்ஷோ காப்பித் தம்ளரோ கைதவறிப் போகிறதா? ஆம் என்றால் அது ஜுவனைல் மயோகுளோனிக் என்னும் பதின்வயது வலிப்பு வகை. அதற்குக் கார்பமசிபைன் கொடுத்தால் வெட்டு கூடும். தூக்கமே அங்கே பாதி மருந்து. கோயிலுக்குப் போக வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். மாத்திரை மடியில் இருக்கட்டும், பன்னிரண்டு மணிக்குப் படுக்கட்டும். மேலப்பாளையத்தில் நோன்பு பிடிக்கிறவர்களுக்கு நோன்பு தொடங்குமுன் சஹர், இஃப்தார் இரண்டு வேளைக்குப் பொருந்தும்படி மாத்திரையை மாற்றித் தரலாம். கேட்காமலே தாங்களாக நிறுத்துகிறவர்கள்தான் இழுத்தபடி வந்து சேர்கிறார்கள்.

பெண்பிள்ளைகளுக்கு வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மாத்திரை எழுதும் கை ஒருமுறை நிற்க வேண்டும். கர்ப்பத்தில் அதைச் சாப்பிட்டவர்களின் பிள்ளைகளில் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில் உறுப்புக் குறையோடும், முப்பது நாற்பது பேர் அளவில் வளர்ச்சிக் குறையோடும் பிறக்கிறார்கள். லெவெடிரசிடாமோ லாமோட்ரிஜினோ முதலில் பாருங்கள். ஃபோலிக் அமிலம் கர்ப்பத்துக்கு முன்பே தொடங்கட்டும். ஏற்கெனவே கர்ப்பமாக இருப்பவரிடம் பயமுறுத்தி ஒரே நாளில் நிறுத்தச் செய்யாதீர்கள், எங்களிடம் அனுப்புங்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவக் கழகம் 1998 முதல் வலிப்புள்ள கர்ப்பிணிகளின் பதிவேட்டை நடத்திவருகிறது; அங்கிருந்து வந்த தகவல்கள் நம் பெண்களுக்கும் பொருந்தும். வலிப்பு இருந்தது என்பதைக் காட்டித் திருமணம் செல்லாது என்று அறிவிக்கக் கேட்கும் வழி இந்து திருமணச் சட்டத்தில் 1999-இலேயே நீக்கப்பட்டுவிட்டது. இதையும் பீடி சுற்றுகிற, தறியில் உட்காருகிற அம்மாக்களுக்குச் சொல்லுங்கள்.

மூளை ஸ்கேனில் ஒற்றைப் புள்ளி தெரிந்தால் உடனே காசநோய் மருந்து தொடங்குவது ஒரு பழைய வழக்கம். அப்படிக் காசநோய்க் கட்டி என்று நினைத்த புள்ளிகளை வேலூர் சி.எம்.சி.யில் எடுத்துப் பரிசோதித்தபோது, பலவும் பன்றி நாடாப்புழுவின் நீர்க்கட்டி என்று தெரியவந்தது. சைவச் சாப்பாட்டுக்காரருக்கும் வரும். புழு உள்ளவர் கை கழுவாமல் தொட்ட பச்சைக் காய்கறி போதும். பெரும்பாலும் சில மாதங்களில் தானாகச் சுருங்கிவிடும். கண்ணைப் பரிசோதிக்காமல் அல்பெண்டசோல் என்ற புழு மருந்தை நீண்ட நாளுக்குத் தொடங்கவும் கூடாது.

அரிய நோய்களில் தாளின் மதிப்பு இன்னும் கூடும். 1841-இல் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்ற மருத்துவர் தன் சொந்தக் குழந்தைக்கு வந்ததை லான்செட் இதழுக்கு எழுதி அனுப்பினார்: தலை குனிந்து குனிந்து, உடல் மடங்கி மடங்கி, அடுத்தடுத்து வரிசையாக. அப்போது இ.இ.ஜி. கிடையாது. அவர் கண் பார்த்ததை வைத்தே இன்றும் அந்த நோய்க்கு அவர் பெயர். நம்மூரில் அதே அசைவை ‘உரம் விழுந்திருக்கு’ என்றும் ‘வயிறு வலிக்கு’ என்றும் சொல்லித் தேய்த்துவிடுகிறார்கள். தூங்கி எழுந்ததும் கும்பிடுவது போல வரிசையாக மடங்கும் கைக்குழந்தை, சிரிப்பை மறந்த கைக்குழந்தை வந்தால், அந்த வாரத்துக்குள் எங்களிடம் வந்தாக வேண்டும். பிரெட்னிசோலோனோ விகாபாட்ரினோ தொடங்குவதில் தாமதமான ஒவ்வொரு வாரமும் அந்தப் பிள்ளையின் அறிவிலிருந்து கழிகிறது. ஒரு வயதுக்குள் காய்ச்சலோடு அரை மணி நேரம் ஒரு பக்கம் இழுத்து, அடுத்த மாதம் மறுபக்கம் இழுத்தால் டிராவெட் என்ற அரிய வலிப்பு நோயை நினையுங்கள். அவர்களுக்குக் கார்பமசிபைனும் ஃபெனிடாயினும் தொடர்ந்து கொடுத்தால் மோசமாகும். நன்றாகப் படித்த பிள்ளை சில மாதமாக மதிப்பெண் குறைந்து, நடக்கும்போது விட்டுவிட்டுத் தலை கவிழ்ந்து விழுந்தால், சிறுவயதில் தட்டம்மை வந்ததா என்று கேளுங்கள்; அந்தக் கிருமி பல ஆண்டு கழித்து மூளையைத் தாக்குவதாக இருக்கலாம். இளம்பெண் இரண்டு மூன்று வாரத்தில் பேச்சு மாறி, தூக்கம் இழந்து, வாயைக் கோணி, வலிப்பும் வந்தால், கோயில் வாசலில் கட்டிப்போடும் முன் எங்களிடம் வரட்டும். உடலின் எதிர்ப்பாற்றல் மூளையையே தாக்கும், 2007-இல் கண்டறியப்பட்ட என்.எம்.டி.ஏ. எதிர்ப்புரத மூளை அழற்சியாக அது இருக்கலாம்; ஸ்டீராய்டும் இம்யூனோகுளோபுலினும் கொடுத்து, சூல்பையில் கட்டி இருந்தால் எடுத்தால், பலரும் எழுந்து நடப்பார்கள்.

சொந்தத்தில் கல்யாணம் செய்த பெற்றோரின் பிள்ளை என்றால் அதையும் தாளில் குறியுங்கள். அதற்காக அவர்களைக் கடிந்துகொள்ள வேண்டாம். அப்படி வரும் நோய்களில் சில மலிவாகக் குணமாகும். பயோட்டினிடேஸ் என்ற நொதியின் குறைவுக்குத் தினமும் 5 முதல் 10 மில்லிகிராம் பயோட்டின் வைட்டமின். வலிப்பு மருந்து எதற்கும் மசியாத பச்சைக் குழந்தைக்கு வைட்டமின் பி6 ஊசி 100 மில்லிகிராம், மூச்சைக் கவனித்தபடி. தெரியாமல் விட்டால் அதே பிள்ளை வாழ்நாள் முழுக்கப் படுக்கையில்.

இரண்டு சரியான மருந்து, சரியான அளவில், ஒழுங்காகச் சாப்பிட்டும் வலிப்பு நிற்கவில்லை என்றால் மூன்றாவது, நான்காவது மாத்திரை எழுதிக்கொண்டே போகாதீர்கள். மூன்றில் ஒருவருக்கு அந்த நிலை வரும். நெற்றிப்பொட்டு மடலில் தொடங்கும் வலிப்புக்கு 2001-இல் வந்த ஆய்வில், அறுவை சிகிச்சைக்குத் தேர்வானவர்களில் 58 சதவீதம் பேர் ஒரு வருட முடிவில் நினைவு தப்பும் வலிப்பின்றி இருந்தார்கள்; மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 8 சதவீதம். ஸ்ரீ சித்திரைத் திருநாளில் 1995 முதல் இந்த அறுவை நடக்கிறது, நமக்கு மூன்று நான்கு மணி நேரப் பயணம்தான்.

இனி, உயர் அலுவலர்களிடம் நேரடியாக. தாளை அச்சிட்டு ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் வண்டிக்கும் ஐம்பது ஐம்பதாகக் கட்டிக் கொடுங்கள். வலிப்பு மாத்திரையைப் பத்து நாளுக்கு, பதினைந்து நாளுக்கு என்று அறுத்துக் கொடுக்காமல் முப்பது நாளுக்குக் கொடுங்கள். மாத்திரை விட்டுப்போவதுதான் விடாத இழுப்புக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, அதற்காக ஒரு நாள் கூலியை இழந்து பஸ் ஏறி வரும் பனைத்தொழிலாளி மூன்றாம் முறை வரமாட்டார். 2021 முதல் வீடு தேடிப் போகும் மக்களைத் தேடி மருத்துவத்தில், ரத்த அழுத்த மாத்திரையோடு வலிப்பு மாத்திரையும் போகட்டும். மூக்கில் அடிக்கும் மிடசோலம், எல்லா இரவிலும், எல்லா நிலையத்திலும் இருக்க வேண்டும்.

பெயரை மறைத்து, சம்மதம் பெற்று, இந்தத் தாள்களை ஓரிடத்தில் சேர்த்துவைத்தால், தாமிரபரணிக் கரையில் சுடுதண்ணீர் வலிப்பு எவ்வளவு, புழுக்கட்டி எவ்வளவு, வலிப்பல்லாத தாக்கம் எவ்வளவு என்று முதல்முறையாகத் தெரியவரும். அதற்குத் தனிக் கட்டடம் தேவையில்லை. ஒரு பதிவேடும், அதைப் பொறுப்பாகப் பார்க்கும் ஒரு ஆளும் போதும்.

அச்சுக்குக் கொடுக்குமுன் ஒன்றை மட்டும் சரிபாருங்கள். தாளின் கீழே, ‘விழுந்ததைப் பார்த்தவர் பெயர், செல்போன் எண்’ என்று ஒரு கட்டம் இருக்க வேண்டும். அதைக் காலியாக விட்டு அனுப்பாதீர்கள். இரவு இரண்டு மணியானாலும் நாங்கள் கூப்பிட்டுக் கேட்போம்.

இப்படிக்கு,
நரம்பியல் மருத்துவர்கள், செவிலியர்கள், இ.இ.ஜி. தொழில்நுட்பர்கள்
பாளையங்கோட்டை